அப்பாவின் கனம்

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் புதிதாக ஜிம் திறந்திருக்கிறார்கள். "ஏனுங்க சார், உங்க வயசுக்கு முதுகும் வயிறும்தான் முக்கியமுங்க" என்றார் பயிற்சி தரும் இளைஞர். வேர்வை பட்ட இரும்பின் வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பழைய ஃபவுண்டரி ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் கணபதி வட்டாரத்தில், இரும்பை உருக்கிப் பம்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை. மீந்த இரும்பில், உடற்பயிற்சிக்குத் தூக்கும் எடைத்தட்டுகளை நாங்களே வார்த்துக்கொள்வோம். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. அந்தக் கோணல் எடைகளைத் தூக்கித் தூக்கி என் வலத்தோள் மட்டும் ஏறிக்கொண்டது. "நேரா நில்லுங்க" என்று சொல்லியே தையல்காரர் அலுத்துப்போனார்.

உடம்பைக் காட்டும் ஆசை இல்லவே இல்லை என்றால் நம்பமாட்டீர்கள். ஆனால் காரியம் வேறு. பக்கவாதத்தில் விழுந்த அப்பாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்க வேண்டும். கட்டுமஸ்தான ஆள். முதல் நாள் இருவருமே தரையில் விழுந்தோம். "அடி பட்டுருச்சா கண்ணு?" என்று அவர் என்னைக் கேட்டார்.

தண்டாலும் கர்லாக்கட்டையும்தான் பலம் என்றார்கள். பச்சை முட்டையோடு அதைச் செய்தேன். காந்திபுரத்தில் சுவரெல்லாம் கண்ணாடி வைத்த ஜிம் வந்தது. தண்டால் மூட்டைக் கெடுக்கும், மெஷின்தான் சரி என்றார்கள். அங்கேயும் போனேன். பிறகு புரோட்டீன் என்று டப்பா மாவு வந்தது. வயிறு பொருமியதுதான் மிச்சம். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், கடைசியில் வார்ப்பு மணலைச் சாக்கில் கட்டி, கட்டிப்பிடித்துத் தூக்கிப் பழகினேன். மணல் மூட்டையும் அப்பாவைப் போலத்தான், கொஞ்சமும் ஒத்துழைக்காது.

பலித்தது. ஒரு காலையில் அப்பாவை ஒரே மூச்சில் தூக்கி உட்காரவைத்தேன். "பாத்தீங்களாம்மா, நம்ம வழிதான் சரி" என்று பெருமையடித்தேன். இடுப்பில் நிற்காத அவர் வேட்டியை அம்மா இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள்.

"உனக்குப் பலம் வந்துருச்சுன்னு நெனச்சுட்டயா கண்ணு? உங்கப்பா கரைஞ்சுட்டு வாராரு."

கோணிய வாயோடு அப்பா சிரித்தார். அதன்பின் தூக்கும்போதெல்லாம், இன்றைக்காவது கனக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொள்வேன். நாளுக்கு நாள் எளிதாகவே வந்தார். பிறகு தூக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஃபவுண்டரி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்தக் கோணல் தட்டுகள் எந்தக் காயலான் கடை வழியாகப் போய் உருகினவோ. இங்கே எல்லாத் தட்டிலும் எடை பொறித்திருக்கிறது.

"எவ்வளவு போடட்டுங்க சார்?" என்றார் இளைஞர்.

முதல் நாள் எங்களைத் தரையில் சாய்த்த அந்தக் கனம்தான் எனக்கு வேண்டும். "உங்க இஷ்டமுங்க" என்றேன்.