பசளை போடாத பாத்தி

சாதாழை கரையொதுங்கும் காலத்தில் கரம்பொன் கரையோரமாக மூக்கைப் பொத்தாமல் நடக்கிற மனுஷி அஞ்சலா ஒருத்திதான். கடலடியில் வளர்ந்து, காற்றுக்கு அறுந்து, கரையில் குவிந்து நாறும் அந்தக் கடற்புல்லை அவள் அள்ளிவந்து வளவில் குவிப்பாள். மாரி மழை உப்பைக் கழுவும். பிறகு ஆட்டுப் புழுக்கையும் பனையோலைச் சருகும் சேர்த்து உக்கவைத்து, உரப்பைகளில் கட்டி விற்பாள். அதற்கு முன்பு நண்டு பதனிடும் இடமொன்றில் வேலை செய்து, கை வீங்கி, மேற்பார்வைக்காரனோடு வாய்க்கு வாய் பேசிவிட்டு விலகி வந்தவள். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் அவளுக்கு. மற்றவர்களும் அப்படியே செய்வார்கள் என்று எதிர்பார்ப்பாள். வாழ்க்கையில் அவள் பட்ட எரிச்சலில் பாதி அதனால் வந்ததுதான்.

விவசாயத்திலும் சுற்றாடலிலும் ஏதாவது புதிதாகச் செய்து பார்க்கும் சிறுதொழில்களுக்கு அரசாங்கம் ஆராய்ச்சி உதவி கொடுக்கிறது என்ற செய்தியைப் பிரதேச செயலகத்தில் வேலை செய்யும் கஜனி கொண்டுவந்தாள். அஞ்சலா விண்ணப்பித்தாள். நீண்ட காலம் ஒரு பதிலும் இல்லை. அவள் அதை மறந்துவிட்ட பிறகு தெரிவாகிவிட்டதாகத் தொலைபேசி வந்தது. பின்னாலேயே மிரோஜன் என்ற இளம் உத்தியோகத்தர் யாழ்ப்பாணத்திலிருந்து அலுவலக மோட்டார் சைக்கிளில் வந்து, வளவைச் சுற்றிப் பார்த்து, செய்ய வேண்டியதை விளக்கினார். ஒரே நிலத்தில், ஒரே நாளில், ஒரே மாதிரியான மிளகாய்க் கன்றுகளை இரண்டு பாத்தியில் நட வேண்டும். ஒரு பாத்திக்குச் சாதாழைப் பசளை. மற்றதற்குத் தண்ணீர் மட்டும்.

"வெறும் பாத்தி வாடினால்தான், அக்கா, உங்கட பசளை வேலை செய்யுதெண்டு நாங்கள் எழுதலாம்" என்றார் அவர்.

அஞ்சலாவுக்கு அது உடனே பிடிபட்டது. ஊருக்குத்தான் பிடிபடவில்லை.

வேலியோரமாகப் போகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் வைத்தும் அதே கதைதான். அந்தப் பாத்தி ஏன் மஞ்சளடிக்கிறது, பசளை விற்கிறவளின் வளவிலேயே பசளைக்குப் பஞ்சமா என்று கேட்டார்கள். அஞ்சலா முதலில் பொறுமையாக விளக்கினாள். பிறகு சுருக்கமாக விளக்கினாள். கடைசியில் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்து வீட்டு அல்போன்சம்மா மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வேலிக்கு மேலால் அந்தக் கன்றுகளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரன் யாகப்புவும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் கரையோரத்து ஆழமில்லாத களங்கடலில் நண்டு வலை போடுகிறவன். விடியக் கடலால் வந்து, வலையைக் காயப்போட்டுவிட்டு, சாப்பிட்டுப் படுப்பான். மனைவியின் பாத்திகளைக் கடந்து போகும்போது ஒரு நிமிடம் நிற்பான், அவ்வளவுதான்.

இப்படியிருக்க, வாட வேண்டிய பாத்தி பச்சை பிடிக்கத் தொடங்கியது.

அஞ்சலா முதலில் தன் கண்ணைச் சந்தேகித்தாள். அடுத்து மண்ணைச் சந்தேகித்தாள். மிரோஜனுக்கு அழைப்பு எடுத்தபோது, நிலத்தில் வித்தியாசம் இருக்கலாம், இரண்டு பாத்தியிலும் மண் எடுத்து அனுப்புங்கள், வாகனம் கிடைத்ததும் நான் வருகிறேன் என்றார். வாகனம் கிடைக்கவில்லை. அவளே மண்ணைப் பையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள். மண் வாங்குகிறவர் அன்று லீவு. மறுமுறை போனபோது பையில் போட்டது பிழை, போத்தலில் கொண்டுவாருங்கள் என்றார்கள். போத்தலில் கொண்டுபோனாள். இரண்டு பாத்தி மண்ணிலும் ஆரம்பத்தில் வித்தியாசம் இருந்திருக்க நியாயமில்லை என்று முடிவு வந்தபோது வெறும் பாத்தி பூத்துவிட்டது. அதுவும் பசளை போட்ட பாத்திக்கு முன்னால் பூத்தது.

காரணத்தைக் காட்டிக்கொடுத்தது ஒரு காகம். காலையில் அஞ்சலா வாளியோடு வரும்போது அது வெறும் பாத்தியின் நடுவில் நின்று எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அவள் துரத்தியதும், பாதி இழுத்ததைப் போட்டுவிட்டுப் பறந்தது. மீன் குடல். விரலால் கிளறினாள். ஒவ்வொரு கன்றின் அடியிலும் செதிலும் தலையும் நண்டுக் கோதுமாக மண்ணுக்குள் தாட்டுக் கிடந்தது.

யாகப்பு குசினி வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"உந்த மீனைத் தாட்டது ஆர்?"

"நான்தான்."

"ஏனப்பா?"

யாகப்பு கோப்பையைக் கீழே வைத்தான். "வாடிக்கொண்டு நிண்டதுகள். ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு போக ஏலாமல் கிடந்தது."

"வாடத்தானே விட்டனான். எத்தினை தரம் சொன்னனான்."

"நட்டுப்போட்டுப் பட்டினி போடுற வேலை எனக்கு விளங்கேல்லை, அஞ்சலா. அரசாங்கம் சொன்னால் நீர் செய்யிறதே?"

சத்தம் கேட்டு வேலிக்கு வந்த அல்போன்சம்மா, யாரும் கேளாமலே, ஆட்டுக்கொட்டில் கழுவிய தண்ணீரை அந்தப் பக்கம் ஊற்றியது தான்தான் என்றாள். கோயிலில் ஆசீர்வதித்த தண்ணீரும் கொஞ்சம் தெளித்ததாகச் சொன்னாள். அஞ்சலா அங்கேயே நிலத்தில் குந்திவிட்டாள்.

மிரோஜன் வந்து எல்லாவற்றையும் கேட்டார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மீன் தாழ்க்காத கன்றுகளை மட்டும் அளந்து எழுதிவிடலாமே என்று அவர் ஒரு வழி சொன்னார். எந்தக் கன்றுக்குத் தாழ்க்கவில்லை என்று தாட்டவனுக்கே தெரியாது என்றாள் அஞ்சலா. ஆசீர்வதித்த தண்ணீர் எவ்வளவு தூரம் ஊறும் என்று மேலிடத்தில் யாருக்காவது தெரியுமா என்றும் கேட்டாள். இருவருமாக நடந்ததை அப்படியே எழுதி, இன்னொரு போகம் தரச்சொல்லிக் கேட்டார்கள். காலத்தை நீட்டலாம், மேலதிக உதவி இல்லை என்று பதில் வந்தது.

இந்த முறை சொந்த ஊரே வேண்டாமென்று, தீவின் அந்தப் பக்கம் சரவணையில் இருக்கும் சிநேகிதி கேதீஸ்வரியின் தோட்டத்தைக் கேட்டாள். கேதீஸ்வரி இரக்கம் பார்க்காத மனுஷி. வெங்காயம் வைத்து நட்டப்பட்டுப் பழகியவள், நாலு மிளகாய்க் கன்று வாடுவதற்காகக் கலங்க மாட்டாள். பழைய மாதிரி இரண்டு பாத்தியோடு, அஞ்சலா அங்கேயே கொஞ்சம் தூரமாக மூன்றாவது பாத்தி ஒன்றும் போட்டாள். அதை யாகப்புவிடம் கொடுத்து, இரக்கப்படுகிறதை எல்லாம் இங்கே படுங்கோ, மற்றதுகளின் பக்கம் தலை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அவன் சொன்னபடியே செய்தான். கடலுக்குப் போகாத நாட்களில் மீன் கழிவை வாளியில் கட்டிக்கொண்டு சைக்கிளில் சரவணைக்குப் போனான்.

வெறும் பாத்தி ஒழுங்காக வாடியது. சாதாழைப் பாத்தி நன்றாகக் காய்த்தது. யாரும் மறுக்க முடியாத வித்தியாசம். ஆனால் யாகப்புவின் பாத்தி அதைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றது. அதைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அஞ்சலாவுக்குத் தாங்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டத்தில் அவள் மூன்று பாத்தியின் கணக்கையும் வைத்தாள். பெரிய உத்தியோகத்தர்கள் சாதாழைப் பாத்தியின் கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். முதற்கட்டம் வெற்றி என்றார்கள். பிறகு மூன்றாவதைக் காட்டி, அடுத்த கட்டத்தில் இரண்டையும் கலந்து பாருங்கள் என்றார்கள். அவள் சந்தோஷப்படத் தொடங்கும்போதே ஒருவர் தொண்டையைச் செருமினார். மீன் கழிவென்றால் அது வேறு திணைக்களம். அவர்களுடைய அனுமதி வேண்டும்.

அந்த அனுமதிக்காக அவள் ஏறிய கந்தோர்ப் படிகளைச் சொல்லப் போனால் வாசிக்கிறவர்களுக்கும் அலுக்கும். ஒருவர் இடமாற்றத்தில் போனார், வந்தவர் பழைய கோப்பைத் தேடினார். இதற்கிடையில் கேதீஸ்வரியின் தோட்டத்தைப் பார்த்த சரவணைப் பெண்கள் சாதாழைப் பசளைக்கு வரிசையாகச் சொல்லிவைத்தார்கள். அஞ்சலாவின் வளவிலிருந்த குவியல் கரைந்துகொண்டே போனது.

ஒருவழியாக அனுமதி வந்தது. உரப்பைகளோடு அவள் கடற்கரைக்குப் போனாள். காற்று மாறியிருந்தது. கரை கழுவித் துடைத்ததுபோல வெள்ளை மணலாகக் கிடந்தது. மருந்துக்கும் ஒரு சாதாழை இல்லை. மண்கும்பான் பக்கம் ஒதுங்கியிருக்கிறதாம் என்று யாகப்பு விசாரித்துக்கொண்டு வந்து, யாரிடமோ பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு வண்டியும் கேட்டுப் பிடித்தான். மண்கும்பானுக்குப் போகும் வழி முழுக்க அவள் அரசாங்கத்தை ஏசினாள், திணைக்களங்களை ஏசினாள், காற்றையும் விடவில்லை. யாகப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு, ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தான்.