நாலு மார்க்கும் கடைவாய்ப் பல்லும்

வீடியோ கேம் விமர்சனம் எழுதிப் பிழைக்கும் பெண் என்றால் கேட்பவர்கள் மனதில் ஓர் உருவம் வரும்: கழுத்தில் ஹெட்போன், பச்சைச் சாயம் பூசிய முடி, வயது இருபதுக்கு மேல் போகாது. கத்திரிக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. தலையில் இருந்த ஒரே சாயம் நரைக்குப் போட்டது, அதுவும் ஞாபகம் வந்தால்தான். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிற ரகம்.

இந்த வேலைக்கு வரும் முன்பு ஒரு கம்பெனியில் வாஷிங் மெஷினுக்கும் மைக்ரோவேவுக்கும் கூட வரும் குறிப்புப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். "ஈரக் கையால் தொடாதீர்கள்" என்ற ஒரே விஷயத்தை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் எழுதிப் பார்த்தவள். அந்த ஆபீஸ் படிக்கட்டில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்துக் கிடந்தபோது தம்பி தன்னுடைய கேம் பெட்டியைக் கொண்டுவந்து டிவியில் மாட்டிவிட்டுப் போனான். கால் கூடிவிட்டது. பெட்டி திரும்பிப் போகவில்லை. எலும்பு கூடிய வேகத்தில், ஏதோ ஒரு கேம் இணையதளத்தில் அவள் நீளமாக ஒரு புகார் எழுதினாள். புகாரைப் படித்த ஆசிரியர், இவளை வெளியே விட்டு வைப்பதைவிட உள்ளே வைத்துக்கொள்வது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்.

ஆபீஸ் என்பது ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இரண்டு அறை. கீழே வாடிக்கையாளர்கள் மெத்தையைக் குத்திப் பார்க்கும் சத்தம் மேலே கேட்டுக்கொண்டே இருக்கும். ஆசிரியர் அவளைவிடச் சின்னவர். சாதாரண நாட்களில் "மேடம்" என்பார். காரியம் ஆகவேண்டுமென்றால் "அக்கா" என்பார். அக்கா என்ற சொல் காதில் விழுந்ததும் அவள் உஷாராகிவிடுவாள்.

அந்தத் தொழிலில் மார்க் பத்துக்குத்தான் போடுவார்கள். ஆனால் ஏழுக்குக் கீழே எண்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. எட்டு என்றால் பரவாயில்லை. ஏழரை என்றால் விளையாட்டைச் செய்தவர்கள் வீட்டில் சாவு விழுந்த மாதிரி. ஒன்பது என்பது நாகரிகமானவர்கள் போடும் மார்க். இவளோ பத்தில் ஆரம்பித்து, தன் நேரத்தை வீணடித்த ஒவ்வொன்றுக்கும் வெட்டிக்கொண்டே வருவாள். அதனால்தான் ஆபீஸில் கத்திரி என்று பெயர் வைத்தார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவளே அந்தப் பெயரில் எழுத ஆரம்பித்ததும் அவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது.

'இரும்பு வனம் மூன்று' வந்தது அப்படிப்பட்ட காலத்தில்தான். ஊர் உலகமே காத்திருந்த விளையாட்டு. காணாமல்போன மகனைத் தேடி ஒரு தகப்பன் குதிரையில் போகிறான், வழியில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் வெட்டுகிறான். விமர்சகர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள். விற்பனைக்கு வரும் வெள்ளிக்கிழமைக்குச் சில நாள் முன்பு எல்லாரும் ஒரே நேரத்தில் விமர்சனத்தை வெளியிட வேண்டும்.

விளையாட்டுப் பெட்டி வந்த அன்றே கத்திரிக்கு இடது பக்கக் கடைவாய்ப் பல்லில் வலி ஆரம்பித்தது. டாக்டரிடம் போகச் சொன்னார் அப்பா. "வேலை முடியட்டும்பா" என்றாள். உண்மையில் வேலை ஒரு சாக்கு. ஊசி என்றால் அவளுக்குப் பயம். ஒரு கிராம்பைப் பல்லுக்கடியில் அடக்கிக்கொண்டு, ஒரு கையால் கன்னத்தைத் தாங்கி, மறு கையால் குதிரையை ஓட்டினாள். குதிரை மாவு மில்லின் கூரையில் ஏறி நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்றது. எதிரே வந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் "இன்று காற்று சரியில்லை" என்ற ஒரே வசனத்தைச் சொன்னார்கள். மகனைத் தேடிப் போகிற அவசரத்தில் இருந்த தகப்பனை ஆளாளுக்குப் பிடித்து நிறுத்தி, காளான் பறித்துவரச் சொன்னார்கள். கத்திரி வெட்டிக்கொண்டே போனாள். கடைசியில் நாலு மிஞ்சியது.

"என் மகன் காணாமல் போயிருந்தால் நான் காளான் பறித்துக்கொண்டிருக்க மாட்டேன்" என்று விமர்சனம் தொடங்கியது. மற்ற எல்லாத் தளங்களும் ஒன்பது, ஒன்பதரை, பத்து. நடுவில் இந்த நாலு மட்டும், கல்யாண போட்டோவில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர் மாதிரி தனியாகத் தெரிந்தது.

விமர்சனம் வெளியான அன்று காலையிலிருந்தே வசவு கொட்டியது. வீட்டில் அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ரசித்துப் படித்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர்.

"'கண்ணு அவிஞ்ச கழுதை'ங்கிறான். சுமார்தான். நான் சில்லறை இல்லன்னு சொன்னதுக்கே இதைவிட நல்லா வாங்கியிருக்கேன்."

"அப்பா, போனை வைங்க."

"இரும்மா. இது நல்லாருக்கு. 'இந்தம்மா பல்லைப் பேத்துக் கையில குடுக்கணும்.' இதுக்கு ஆயிரக்கணக்கான பேர் லைக் போட்டிருக்காங்க."

கத்திரி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "யாராவது வந்து பேத்தா புண்ணியமாப் போகும்" என்றாள்.

ஆபீஸில் ஆசிரியர் வாசலிலேயே நின்றிருந்தார். "அக்கா" என்றார். விளையாட்டை வெளியிட்ட கம்பெனி, இனிமேல் நம் தளத்துக்கு எதுவும் அனுப்பப் போவதில்லை என்று சொல்லிவிட்டதாம். "நாலை ஏழாக்கிடலாமா? ரெண்டு நிமிஷ வேலை. யாரும் பாக்கமாட்டாங்க."

"அவ்வளவு பேர் பாத்துட்டுத்தான தம்பி திட்டறாங்க?"

"ஆறரை?"

"இது என்ன சந்தையா?"

பேசிக்கொண்டிருக்கும்போதே பல் சுண்டி இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. தான் கேட்டதற்காக அழுகிறாள் என்று நினைத்து ஆசிரியர் பதறிப்போய் அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டார். அந்த லீவில்தான் அவள் பல் டாக்டரிடம் போனாள்.

ஆபீஸுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரியை ஒட்டினாற்போல இருந்தது கிளினிக். டாக்டர் முப்பது சொச்சம் வயசுக்காரர், கலகலப்பானவர். ஊசி போட்டுவிட்டு மரத்துப்போகக் காத்திருக்கும்போது பேச்சுக் கொடுத்தார்.

"என்ன வேலை பண்றீங்க மேடம்?"

"கேம் விமர்சனம் எழுதறேன்."

முகமூடிக்கு மேலே டாக்டரின் கண் மலர்ந்தது. "அட, நான் பெரிய கேம் பைத்தியம். இந்த இரும்பு வனத்துக்கு எவளோ ஒருத்தி நாலு போட்டாளே, அவளைத் தெரியுமா உங்களுக்கு?"

கத்திரிக்கு அதற்குள் பாதி வாய் மரத்துப் போயிருந்தது. ஒரு விரலைத் தூக்கித் தன் நெஞ்சைக் காட்டினாள்.

டாக்டர் விளக்கை அவள் முகத்துக்கு நேராக இழுத்தார். பிறகு துளைக்கும் கருவியைக் கையில் எடுத்து, "வாயை நல்லாத் திறங்க" என்றார்.

வாழ்நாளில் எத்தனையோ ரசிகர்களோடு அவள் மல்லுக்கட்டியிருக்கிறாள். வாய்க்குள் மூன்று இரும்புச் சாமானும் ஒரு குழாயும் இருக்க, பதில் பேச முடியாமல் மல்லாந்து கிடந்து வாதாடியது அன்றுதான். டாக்டர் குடைந்துகொண்டே பேசினார். முதல் பாகம் வந்தபோது அவர் கல்லூரியில் இருந்தாராம். அதை விளையாடித்தான் பரீட்சைக் கவலையை மறந்தாராம். இரண்டாம் பாகத்தின்போது கல்யாணம். மூன்றாம் பாகத்துக்காக இந்த வெள்ளிக்கிழமை கிளினிக்கையே மூடப் போகிறாராம்.

"ஒரு தகப்பனோட வேதனைங்க அது. அதைப் போய் காளான் அது இதுன்னு."

"இயாயாய்ங்யா?" என்றாள் கத்திரி.

ஓரமாக நின்ற நர்சம்மா வருஷக்கணக்கில் மரத்த வாய்களோடு பழகியவர். தலையைக் கூட நிமிர்த்தாமல் மொழிபெயர்த்தார். "விளையாடிப் பாத்தீங்களான்னு கேக்கறாங்க டாக்டர்."

"வெள்ளிக்கிழமைதான வருது."

"ஆங் எய்யி எயியும்?"

"அப்பறம் எப்படித் தெரியும்னு கேக்கறாங்க."

டாக்டர் கருவியை நிறுத்தினார். "டிரெய்லர் பாத்தேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

ரூட் கேனால் என்கிற வேர்ச் சிகிச்சை ஒரே தடவையில் முடிகிற சமாச்சாரம் இல்லை. மறு வாரம் அவள் போனபோது டாக்டரின் கண்ணுக்குக் கீழே கருவளையம். வணக்கம் சொல்வதற்கு முன்பே, "அந்தக் குதிரை மில்லு மேல ஏறிடுச்சுங்க. எறங்கவே மாட்டேங்குது" என்றார்.

"நீங்க எறங்கி ரெண்டு தெரு தள்ளிப்போய் விசில் அடிங்க. வந்துடும்."

"நன்றி மேடம்." பிறகும் நாற்காலியைச் சாய்க்காமல் நின்றார். "இன்னொண்ணு சொல்லணும். உங்க விமர்சனத்துக்குக் கீழ ஒரு கமெண்ட். பல்லைப் பேத்துக் கையில குடுக்கணும்னு."

"ஆமா."

"அது நான்தாங்க. தொழில் முறையில சொல்லல."

நர்சம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கத்திரிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலிக்கும் என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

டாக்டர் சமாதானமாகத் தன் சோகத்தையும் சொன்னார். அவருடைய கிளினிக்குக்கு இணையத்தில் ஒருவன் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறானாம். "காரணம் என்ன எழுதியிருக்கான் தெரியுமா? 'பன் காய்ந்து போயிருந்தது.' பக்கத்து பேக்கரிக்குப் போட வேண்டியதை எனக்குப் போட்டுட்டான். அழிக்கவும் முடியல."

அதன் பிறகு எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பிடித்தார். அவர் முகம் மாறியது. "சீழ் எவ்வளவு தூரம் போயிருக்கு பாருங்க. இந்த வலியோடவா விளையாடினீங்க? எனக்கு இப்படி வலிச்சிருந்தா, சொர்க்கத்தையே காட்டினாலும் நாலுதான் போட்டிருப்பேன்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை அவர். பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். அதுதான் அவளை உறுத்தியது. ஆயிரம் பேர் கழுதை என்றபோது சுரணையே இல்லாமல் இருந்தவளுக்கு, இந்த ஒரு வார்த்தை பஸ்ஸில் வீடு திரும்பும் வழியெல்லாம் கூடவே வந்தது. நாலு போட்டது அவளா, அவள் கடைவாய்ப் பல்லா?

சிகிச்சை முடிந்து, கடிக்க முடிகிற நிலைமை வந்ததும், ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து விளையாடினாள். அப்பா பின்னால் உட்கார்ந்து பார்த்தார்.

"முடிச்ச வேலையை எதுக்கும்மா திரும்பச் செய்யற?"

"சரியாத்தான் செஞ்சேனான்னு பாக்கறேன்."

"அரசாங்கத்துல யாரும் இப்படிச் செய்யமாட்டாங்க."

குதிரை அதே முட்டாள் குதிரைதான். காற்று இன்னும் சரியாகவில்லை. காளானும் குறையவில்லை. ஆனால் பாதி வழியில் ஓர் இடம் வந்தது. தகப்பன் ஒரு படகில் ஏறுகிறான். படகு ஓட்டுகிறவள் ஒன்றும் கேட்பதில்லை, அவனும் ஒன்றும் சொல்வதில்லை. மழை பெய்கிறது. அக்கரை வரும்வரை துடுப்புச் சத்தம் மட்டும்தான். நடுவில் அவன் மகனின் செருப்பைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, நனையாமல் திரும்ப உள்ளே வைக்கிறான். முதல் தடவை வலி தாங்காமல் இந்த இடத்தைப் பொத்தானை அமுக்கித் தாண்டிப் போயிருந்தாள். இப்போது படகு கரை சேர்ந்த பிறகும் கத்திரி கையை அசைக்கவில்லை.

கூடவே இன்னொன்றும் தெரிய வந்தது. முதல் விமர்சனத்தில் "இசை அருமை" என்று எழுதியிருந்தாள். பல்வலிக்குச் சத்தம் ஆகாது என்று ஒலியை அடியோடு குறைத்து வைத்திருந்ததால் வந்த அருமை அது. இப்போது முழுச் சத்தத்தில் கேட்டால், பாத்திரக் கடையில் யானை புகுந்த மாதிரி இருந்தது.

படகுக்கு ஒன்று கூட்டினாள். இசைக்கு அரை வெட்டினாள். நாலரை.

"முதல் தடவை விளையாடும்போது எனக்குப் பல்வலி. இப்போது இல்லை. மார்க் நாலரை" என்று ஆரம்பித்து, படகுக் காட்சியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மேஜையில் தலையை வைத்துவிட்டார். "நாலுன்னா பிடிவாதம்னு மதிப்பாங்க. ஏழுன்னா கம்பெனியாவது சமாதானமாகும். நாலரையை வெச்சு நான் என்ன பண்றது?"

"போடுங்க."

போட்டார். ரசிகர்கள், அரை மார்க்குக்கு மன்னிப்புக் கிடையாது என்று திட்டினார்கள். அதுவரை அவள் பக்கம் நின்றவர்கள், கம்பெனிக்கு விலைபோய்விட்டாள் என்று திட்டினார்கள். அரை மார்க்குக்கு விலைபோகிற ஆளை அவர்கள் அதற்குமுன் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இரண்டு நாளில் காற்று வேறு பக்கம் அடிக்க ஆரம்பித்தது. யாரோ ஒரு புண்ணியவான், பத்து போட்ட தளம் ஒன்றில் போய், "இந்த மார்க்கைப் போடும்போது உங்களுக்கு என்ன வியாதி?" என்று கேட்டான். அது பிடித்துக்கொண்டது. ஒன்பது போட்டவர்கள், ஒன்பதரை போட்டவர்கள் எல்லாரிடமும் அதே கேள்வி. நெருக்கடி தாங்காமல் ஒரு பெரிய தளத்தின் மூத்த விமர்சகர், தான் பாதிவரைதான் விளையாடியதாகவும் மீதியை மைத்துனன் விளையாடிச் சொன்னதாகவும் ஒப்புக்கொண்டார். இன்னொருவர், தலைப்புப் பாட்டு முடிந்ததுமே மார்க்கை முடிவு செய்துவிட்டேன் என்றார், ஏதோ சாதனை போல.

மெத்தைக் கடை மாடியில் நடந்த தளத்தின் பக்கம் வாசகர் கூட்டம் திரும்பியது. கம்பெனி சொன்ன சொல்லைக் காப்பாற்றி அதன்பிறகு எதுவும் அனுப்பவில்லை, அதைப் பார்த்து மற்ற பெரிய கம்பெனிகளும் நிறுத்திக்கொண்டன. அதனால் பெரிய விளையாட்டுகள் கடைக்கு வந்த பிறகுதான் கத்திரி விளையாட முடிந்தது. மற்றவர்கள் எல்லாம் எழுதி முடித்த பிறகு, ஒரு வாரம் கழித்து அவள் விமர்சனம் வரும். அதற்குள் வாசகர்களும் விளையாடியிருப்பார்கள் என்பதால், கமெண்டுகளில் வசவோடு சேர்த்துக் கொஞ்சம் விஷயமும் இருந்தது. பல் டாக்டர் சொந்தப் பெயரிலேயே எழுத ஆரம்பித்தார்.

பெரிய பெட்டிகள் வராததால் சின்னவை கண்ணில் பட்டன. அக்கா தங்கை இரண்டு பேர் சேர்ந்து செய்த விளையாட்டு ஒன்று அப்படித்தான் வந்தது. பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டுகிற ஒரு மனுஷி. அவ்வளவுதான் கதை. ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள், இரண்டு மாடிகளுக்கு நடுவில் என்ன பேச முடியுமோ அதைப் பேசுவார்கள். யாரையும் வெட்ட வேண்டியதில்லை.

ஆசிரியர் போன் செய்தார். "மேடம், அந்த லிப்ட் கேம் விமர்சனம் என்னாச்சு? ரொம்பச் சின்னதாச்சே அது."

"இன்னும் முடியல தம்பி" என்றாள் கத்திரி.

விளையாடி முடித்து மூன்று நாளாகியிருந்தது. மறுபடி தரைத்தளத்திலிருந்து ஆரம்பித்து, நாலாவது மாடியில் ஒருவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.