வாடகை வீடும் சொந்த வானும்

சொந்த வீட்டைப் பூட்டிவிட்டு, வீடு மாதிரி ஒன்றுக்குள் போய்ப் படுக்கக் காசு கொடுக்கிறவர்களை நம்பி நடக்கிற தொழில் எங்களுடையது. சிட்னியின் மேற்குப் பக்கம், காம்பர்வான் வாடகைக்கு விடுகிற ஒரு யார்டில் வேலை செய்கிறேன். முன்வரிசையில் நிற்பவை வாடகைக்கு. ஓடிக் களைத்தவை பின்வேலி ஓரம் விற்பனைக்கு நிற்கும். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் காட்டிவிட்டு, வானைப் பூட்டித் திறக்கிற திறப்பைக் கையில் வைப்பது என் பொறுப்பு. தமிழ்ச் சனம் வந்தால் முதலாளி கிரெக் என்னைத்தான் முன்னுக்குத் தள்ளுவார்.

ஒரே கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் சொல்லி வாய் நொந்தவர்கள் உங்களில் இருந்தால் என் பாடு விளங்கும். வாடகைக்கு எடுப்பதா, வாங்குவதா? ஒருமுறை ஊர் சுற்றத்தானே, வாடகைக்கு எடுங்கள் என்பேன். தலையாட்டுவார்கள். பிறகு மச்சான் சொன்னதைச் செய்வார்கள்.

சில்லுக்கு ஒரு எலுமிச்சம்பழம்

பரமட்டாவில் ஐடி வேலை பார்க்கிற தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று அடிலெய்ட் போய்வர வான் எடுத்தது. காஸை எப்படி மூடுவது என்று நான் மகனுக்கு விளக்கி முடிப்பதற்குள், ஊரிலிருந்து வந்திருந்த அவனுடைய அம்மா எல்லாச் சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். கண்ணாடியில் சந்தனம், ஸ்டியரிங்கில் குங்குமம். சூடத்தை வானுக்குள்ளேயே கொளுத்த, புகை அலாரம் அலறியது. கிரெக் தீயணைப்பானைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

பூசையெல்லாம் சொந்த வண்டிக்குத்தான், இது வாடகை வண்டி, சீட்டில் மஞ்சள் பிடித்தால் போகாது என்று எவ்வளவு பணிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பணிவாகச் சொன்னேன். மகன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அம்மா மிச்சக் குங்குமத்தை என் நெற்றியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "வாடகை வண்டின்னா மோதாதாம்மா?"

பாவிக்காத கக்கூஸ்

மெல்பேர்ன் கிளென் வேவர்லியிலிருந்து ஒரு அங்கிளும் அன்ரியும் வந்தார்கள். அங்கிள் ஓய்வுபெற்ற டாக்டர். இரண்டு கிழமை வாடகைக்கு ஓடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று கெஞ்சினேன். வாடகை கொடுப்பது தண்ணீரில் காசு போடுகிற மாதிரி என்று எனக்குப் பாடம் எடுத்துவிட்டு, யார்டில் இருந்த ஆகப் பெரிய வானை வாங்கினார். ஆஸ்திரேலியாவையே சுற்றப் போவதாகத் திட்டம். வடக்கே கெய்ன்ஸ் வரைதான் போனார்கள். அங்கிருந்து நேரே எங்களிடம் விற்க வந்துவிட்டார்கள்.

உள்ளே பார்க்கப் போனேன். அடுப்பை ஒட்டியிருந்த கக்கூஸுக்குள் அரிசி மூட்டை, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள். இருக்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைக் கூடக் கழற்றவில்லை. போன வழியெல்லாம் பெட்ரோல் ஷெட்களில்தான் காரியம் நடந்திருக்கிறது. இதற்காகவா பெரிய வான் வாங்கினீர்கள் என்று கேட்டேன். அன்ரிதான் பதில் சொன்னார்: "குசினிக்குப் பக்கத்தில கக்கூஸ் வைச்சவனைப் போய்க் கேளும் பிள்ளை."

ஹீட்டர் விடிய விடிய எரியுமா?

இனி நான் சொல்லப் போகிறது சிரிக்கிற விஷயம் இல்லை. ஜூனில், இங்கே குளிர்காலம் தொடங்கும்போது, தயாளனும் அவருடைய மனைவி சுகந்தியும் இரண்டு மகள்மாரோடு வந்தார்கள். வவுனியாக்காரர். படகில் வந்து, இத்தனை வருடத்துக்குப் பிறகும் தற்காலிக விசாவில் டைல்ஸ் ஒட்டுகிறார். நீண்ட பயணம் போகப் போவதாகச் சொன்னார். நீண்ட பயணம் போகிறவர்கள் உளுருப் பாறையைப் பற்றிக் கேட்பார்கள், சாலையைப் பற்றிக் கேட்பார்கள். இவர் ஹீட்டர் விடிய விடிய எரியுமா என்று கேட்டார். சுகந்தி அலுமாரியைத் திறந்து பள்ளி யூனிஃபோர்ம் தொங்குமா என்று சாணால் அளந்து பார்த்தார்.

குடியிருக்கத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. கேட்டேன், சொன்னார்கள். வென்ட்வேர்த்வில்லில் அவர்கள் இருந்த வாடகை வீட்டை உரிமையாளர் விற்கிறார். பார்க்கப் போன வீடெல்லாம் வரிசையில் சனம். விசாவைக் கேட்டதும் ஏஜென்ட் அடுத்த ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான். வீடு கிடைக்கும் வரைக்கும் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும், பள்ளிக்கூடமும் மாறக்கூடாது. குளிர்காலத்தில் வாடகை மலிவு, அதனால் வாங்க வேண்டாம், மாதாமாதம் எடுங்கள் என்றேன். அவர் கேட்டார். நான் சொன்னதைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

முதல் மாத முடிவில் தயாளன் காஸ் நிரப்ப வந்தபோது, வான் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று கிரெக் பார்த்தார். கிலோமீட்டர் கணக்கு ஏறின மாதிரியே இல்லை. வானிலேயே குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கிரெக்குக்கோ ஒரே சந்தோஷம். "நல்ல இடமாகப் பார்த்து அங்கேயே தங்கிவிட்டார்கள் போல" என்றார்.

பின்வேலி வான்

டிசம்பர் நெருங்கியது. பள்ளிக் கோடை விடுமுறைக்கு முன்வரிசை முழுவதையும் முன்கூட்டியே பதிந்துவைத்திருப்பார்கள், வாடகையும் எகிறிவிடும். தயாளனின் வானை கோல்ட்கோஸ்ட் கடற்கரைக்குப் போகிற யாரோ பதிந்திருந்தார்கள். வீடு உள்ளவர்கள் ஊர் சுற்றுவதற்காக, வீடு இல்லாதவரிடம் வானைத் திருப்பிக் கேட்கிற வேலையும் எனக்குத்தான் வந்தது. இன்னும் ஒரு மாதம் கொடுப்போமே என்று கிரெக்கிடம் கேட்டுப் பார்த்தேன். பதிந்தது பதிந்ததுதான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரோடு சண்டை பிடிப்பது?

தயாளன் திறப்பைத் தந்துவிட்டு நேரே பின்வேலிக்கு நடந்தார். அங்கே நின்றதிலேயே மலிவான வானின் கதவைத் திறந்து பார்த்தார். அது கூரை ஒழுகும், வாங்காதீர்கள் என்று கிரெக் காதில் விழுகிற தூரத்திலேயே, தமிழில்தான், சொன்னேன். "ஒழுகிற இடத்தில சட்டி வைக்கலாம் அக்கா" என்றார். "திருப்பிக் கேக்கிறவனுக்கு என்னத்தை வைக்கிறது?"

கடன் வாங்கித்தான் வாங்கினார். வான் விற்றால் கிரெக் கைகுலுக்கி, முதலில் எந்த ஊருக்குப் போகப் போகிறீர்கள் என்று உற்சாகமாகக் கேட்பார். அன்றும் கேட்டார். சுகந்தி உள்ளே மகள்மாரின் புத்தகங்களை மேசைக்குக் கீழே அடுக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமலே எனக்குச் சொன்னார்: "வந்து சேர்ந்திட்டம் எண்டு சொல்லுங்கோ அக்கா."

நான் கிரெக்கிடம், வடக்கே டார்வினுக்குப் போகிறார்கள் என்று சொல்லிவைத்தேன். எங்கள் தொழிலில் ஊர் சுற்றப் போகிறவர்கள் வானைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள், போக இடமில்லாதவர்களுக்குத்தான் அது சொந்தமாகிறது.