ஓடிப்போன மீனும் ஆஃப் பண்ணாத வண்டியும்

சகாயசெல்வியின் மொபெட்டுக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. ஓடும்போது தங்கம். நிறுத்தினால் போச்சு, திரும்பக் கிளப்புவதற்குள் மிதிக்கிற கால் கழன்றுவிடும். அதனால் அவள் அதை நிறுத்துவதே இல்லை. கடையில் வெங்காயம் வாங்கும்போதும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், கோயில் வாசலில் சிலுவை போட்டுக்கொள்ளும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். "ஆஃப் பண்ணுடி! பெட்ரோல் என்ன உங்கப்பன் கிணத்துலயா ஊறுது?" என்று அவள் புருஷன் ஆரோக்கியராஜ் கத்துவான். "நீ வந்து மிதி, ஆஃப் பண்றேன்" என்பாள் இவள். அவர்கள் குடித்தனத்தில் பாதி இந்தச் சண்டையில்தான் ஓடியது என்று சொன்னால் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

இரண்டு பேருக்கும் சோறு போட்டது மீன்தான். ஆனால் ஆளுக்கு ஒரு பக்கம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டினால் கழுவேலி ஏரி விரிந்து கிடக்கிறதே, அந்த நீரில் சின்னப் படகைப் போட்டு இறால் பிடிக்கிறவன் அவன். அதே கழுவேலிக் கரையில் வானூர்க்காரர் கன்னியப்பன் வெட்டியிருந்த குட்டையில் வளர்ப்பு மீனுக்குத் தீனி போடுகிறவள் இவள். குட்டையில் வளர்ந்தது ரூப்சந்த். சந்தையில் வாவல் என்று வாய் கூசாமல் பொய் சொல்லி விற்பார்களே, அதேதான். வெள்ளி உடம்பு, சிவந்த வயிறு. வாயைப் பிளந்து பார்த்தால் மனுஷப் பல் மாதிரியே வரிசையாகப் பல்! எங்கேயோ வெளிநாட்டு ஆற்று மீன், நம்ம ஊருக்குப் பிழைக்க வந்தது.

காலையும் மாலையும் தீனி மூட்டையை வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு குட்டைக் கரைமேல் போவாள். வண்டியை ஓடவிட்டே ஸ்டாண்டு போடுவாள். தகர டப்பாவைத் தட்டுவாள். தண்ணீர் கொதிக்கிற மாதிரி மீன் எழும்பும். "வாங்க வாங்க, நேத்து பட்டினி போட்ட மாதிரிதான் பறக்கறீங்க" என்று வாய் ஓயாமல் அதுகளிடம் பேசுவாள். பெற்ற பிள்ளைகள் இரண்டும் ஒருநாளும் கூப்பிட்ட குரலுக்கு வந்ததில்லை. இதுகள் வந்தன. பாசம் வைக்காமல் என்ன செய்வாள்?

கார்த்திகையில் புயல் வந்தது. கழுவேலி பொங்கி, குட்டைக் கரையின் ஒரு பக்கம் அப்படியே கரைந்து போனது. விடிந்து பார்த்தால் குட்டையும் கழுவேலியும் ஒரே தண்ணீர். மீன் மொத்தமும் வெளியே. கன்னியப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செல்வியின் வண்டியும் முழுகிப்போயிருந்தது.

படகுக்காரர்களுக்கு முதலில் குஷிதான். சும்மா வந்த மீன் கசக்குமா? ஆனால் மார்கழியில் இறால் வலை போட ஆரம்பித்ததும் சிரிப்பு நின்றது. மெல்லிசு வலை அது. எடுத்துப் பார்த்தால் கை நுழைகிற அளவு ஓட்டை. ரூப்சந்த் கடித்துவிட்டு, மாட்டியிருந்த இறாலையும் தின்றுவிட்டுப் போயிருந்தது. இன்று ஒருவன் வலை, நாளைக்கு இன்னொருவன் வலை. "செல்வி மீன் கடிச்சிடுச்சு" என்று ஊர் பேச ஆரம்பித்தது. மீனுக்கு அவள் பெயர்! குழாயடியில் குடத்தோடு நின்றால் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு வலையைப் பற்றிப் பெருமூச்சு விடுவார்கள்.

ஆரோக்கியராஜ் அவளோடு பேசுவதையே விட்டுவிட்டான். வலையை மடியில் போட்டுக்கொண்டு ஓட்டை தைத்தபடி, சுவரைப் பார்த்துச் சொல்வான்: "உம் புள்ளைங்க ராத்திரி நல்லா சாப்ட்டுட்டுப் போயிருக்குதுங்க."

படகுக்காரர்களுக்குத் தலைவர் பச்சமுத்து. மனசு நல்ல மனசு, வாய்தான் நெருப்பு. அவர் முன்னால் கூட்டம் போட்டார்கள். பொங்கலுக்குள் மீன் ஒழிய வேண்டும், இல்லையென்றால் கலெக்டரிடம் போய் குட்டையை மண் போட்டு மூட வைப்பது என்று முடிவானது. செல்விக்கு வேலை போகும். அது ஒரு பக்கம். ஆனால் அவளை அறுத்தது வேறு. இந்தத் தண்ணீரை நம்பித்தான் ஊரே அடுப்பு மூட்டுகிறது, அதில் இவள் கையால் தின்று வளர்ந்தது போய் வாய் வைக்கிறது. வெட்கமாக இருந்தது அவளுக்கு. தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

மீன்வளத்துறையிலிருந்து சூர்யகலா என்று ஒரு அதிகாரி வந்தாள். சின்ன வயசு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்குகிற ரகம். "இது நம்ம ஊர் மீன் இல்லைங்க. இங்கயே தங்கிடுச்சின்னா நம்ம மீனுக்குத் தீனி மிஞ்சாது. மேல இருக்கற ஏரிங்களுக்கு ஏறிடுச்சின்னா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஏன்க்கா, நீங்கதான தீனி போட்டீங்க? பழைய எடத்துல நின்னு கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை.

இதற்கிடையில் மரக்காணத்து மெக்கானிக் அந்த மொபெட்டைப் பிரித்துப் போட்டு, கழுவித் துடைத்து மாட்டியிருந்தான். புயல் செய்த ஒரே நல்ல காரியம்! ஒரே மிதியில் வண்டி கிளம்பியது. ஆரோக்கியராஜ் அன்றுதான் வாயைத் திறந்து அவளிடம் நேராகப் பேசினான்: "இனிமேலாவது ஆஃப் பண்ணு."

சரி என்று அவளும் பண்ணினாள். உடையாத பக்கத்துக் கரைமேல் போவாள், வண்டியை ஆஃப் பண்ணுவாள், டப்பாவைத் தட்டுவாள், தீனியை வீசுவாள். ஒரு மீன் எட்டிப் பார்க்கவில்லை. தீனி ஊறி மிதந்தது, வாத்துகள் வந்து தின்றுவிட்டுப் போயின. மறுநாளும் அப்படி, அதற்கு மறுநாளும் அப்படி. "வந்துடுங்கம்மா, மானத்த வாங்காதீங்க" என்று தண்ணீரைப் பார்த்துக் கெஞ்சினாள். போகி நெருங்கிவிட்டது. அன்று காலை டப்பாவைத் தூக்கிக் கரையில் வீசிவிட்டு உட்கார்ந்து அழுதேவிட்டாள். கூட வந்த சூர்யகலா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச தூரத்தில் ஆரோக்கியராஜ் படகில் நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"போதும், போலாம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வி வண்டியைக் கிளப்பினாள். மூட்டை சரிந்தது. வண்டியை ஓடவிட்டு ஸ்டாண்டு போட்டு, குனிந்து கயிற்றை இறுக்க ஆரம்பித்தாள். முடிச்சு லேசில் விழவில்லை. வண்டி பாட்டுக்கு டபடபவென்று கரையை அதிரவைத்துக்கொண்டிருந்தது.

"அக்கா... அக்கா, தண்ணியப் பாருங்க!" என்றாள் சூர்யகலா.

கரையோரம் சிவப்பு வயிறு ஒன்று புரண்டது. அப்புறம் பத்து. அப்புறம் எண்ண முடியாது. தண்ணீர் பழைய மாதிரி கொதித்தது. டப்பாவும் இல்லை, செல்வியின் குரலும் இல்லை. அதுகளுக்குச் சோறு என்றால் அந்த ஓட்டை வண்டியின் சத்தம்தான்! இத்தனை நாளும் தன் குரலுக்கு வருகிறது என்று இவள்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

திகைத்துப்போய், புதுப் பழக்கத்தில் அவள் கை சாவிக்குப் போனது.

"ஆஃப் பண்ணாதடி!" படகிலிருந்து ஆரோக்கியராஜ் அலறினான். "மாதாவே! செல்வி, ஆஃப் பண்ணாத, ஓடட்டும்!"

மறுநாள் விடியலில் ஊரே கரையில் இருந்தது, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல். கன்னியப்பன் குட்டை அறுவடைக்கு வைத்திருந்த கெட்டி வலையைக் கொண்டுவந்தார், மீனின் பல் அதில் இறங்காது. படகுகள் அதை வளைத்துப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. செல்வி வண்டியோடு வந்தாள். மீன் வந்தது. வலை மூடியது. சூர்யகலா முழங்கால் தண்ணீரில் நின்று, மாட்டிய ஊர் மீனையெல்லாம் பொறுக்கி வெளியே விடச் சொன்னாள். பச்சமுத்து ஒரு பெரிய கொடுவாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இதையுமா? அநியாயம்மா இது" என்று புலம்பிக்கொண்டே விட்டார். பொங்கல் கழிந்தும் சில நாள், வண்டி ஓடியும் ஒன்றும் வராத நாள் வரை, இதே வேலை.

பிடித்ததையெல்லாம் ரூப்சந்த் என்று பெயர் சொல்லியே சந்தையில் விற்றார்கள். செல்வி ஒரு துண்டு வாயில் வைக்கவில்லை. நம்பி வந்ததுகளே என்று இரண்டு நாள் அழுதாள். ஊர் வலை பிழைத்ததே என்று அதே கண்ணோடு சிரிக்கவும் செய்தாள். ஆரோக்கியராஜ் கிண்டல் செய்யவில்லை.

குட்டை மூடப்படவில்லை. கன்னியப்பன் கரையை உயர்த்தி, சுற்றிலும் வலை அடித்தார். உள்ளே இப்போது இருப்பது மடவை. "ஓடினாலும் ஊர் மீனாவே ஓடட்டும்" என்று சூர்யகலா சொன்ன யோசனை அது. மடவை பெரிய மனுஷி, கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. செல்வி அதையும் திட்டிக்கொண்டேதான் தீனி போடுகிறாள்.

அடுத்த மார்கழியில் இறால் வலை போடுகிற முதல் நாள், பச்சமுத்துவே வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பாட்டில் பெட்ரோல். "செல்வி, ஒருவாட்டி வண்டிய ஓட்டிக் காட்டிடும்மா. அப்புறம் எறங்கறோம்."

கரைமேல் வண்டி டபடபத்தது. படகில் எல்லோரும் தண்ணீரையே பார்த்தார்கள். செல்வியும் பார்த்தாள். ஒன்றாவது வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. ஒன்றுகூட வராதோ என்று எங்கேயோ வலித்தது. தண்ணீர் அசையவே இல்லை.

"வரலண்ணே" என்றாள். "தைரியமா போடுங்க."

வலைகள் இறங்கின. அவள் சாவியில் கைவைத்தபோது, ஆரோக்கியராஜ் படகிலிருந்தே கையைக் காட்டித் தடுத்தான்.

"இருடி," என்றான், "இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்."