பிங்கியின் விரதம்

நாய்க் கிளினிக்கில் வேலை பார்ப்பவளுக்கு நாய்க்கடியைவிட நாயின் வயிறுதான் பெரிய தொல்லை.

அதிலும் பூடில், பொமரேனியன் என்று மடியில் அடங்குகிற நாய்களுக்கு வயிறு ஒருமுறை கெட்டுப் பழகிவிட்டால் போதும். இந்த வாரம் நன்றாக இருக்கும். அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறடி. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்து, அது பின்னங்காலை மடக்கும்போதெல்லாம் நீங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே கட்சி. நான் ஜெலுத்தோங்கில் ஒரு சின்னக் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். உட்கார்ந்தால் எழச் சொல்லும் மனசு எனக்குப் பிறவியிலேயே உண்டு. இந்த வேலை அதற்குத் தூபம் போட்டுவிட்டது.

பருப்புக் கறி

நாய்க்கு வயிறு எப்படிப் போனாலும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். வந்த படத்தைப் பார்த்து, இது பரவாயில்லை, இது உடனே வரவேண்டும் என்று பிரிப்பது என் வேலை. படம் அனுப்புகிறவர்களுக்கு என் சாப்பாட்டு நேரம் எப்படித்தான் தெரியுமோ. ஒருநாள் பாய் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் கறியில் தோய்க்கிறேன், கைப்பேசி அதிர்கிறது. பார்க்காவிட்டால் எனக்கு ரொட்டி இறங்காது. படத்தைப் பெரிதாக்கி, நிறத்தையும் பதத்தையும் முகம் சுளித்தபடி ஆராய்ந்துகொண்டிருந்தேன். தே தாரேக் டீ கொண்டுவந்த கடைக்காரர் பாய் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். பிறகு என் தட்டைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"தங்கச்சி, பருப்பு சரியில்லன்னா எங்கிட்ட சொல்லு, படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பாத லா."

பிஸ்கட்

அந்தப் படத்தை அனுப்பியவர் ஆனந்தன் அண்ணே. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். அவருக்கும் மனைவி சரோஜா அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. பிங்கி என்கிற பொமரேனியன்தான் எல்லாம். அவர் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அது வாசல் கேட்டுக்கு ஓடிவிடுமாம்.

பிங்கிக்குக் கணையத்தில் கோளாறு. கொழுப்பு கொஞ்சம் உள்ளே போனாலும் வாந்தி, பேதி. மாதக்கணக்கில் இப்படியே இழுத்து, ரோமத்துக்குள் கைவிட்டால் எலும்புதான் தட்டுப்பட்டது. இன்னொரு தடவை பெரிதாக வந்தால் தாங்காது என்று டாக்டர் நேராகவே சொன்னார். நாங்கள் கொடுக்கும் டின் சாப்பாட்டைத் தவிர வேறு எதுவும் கூடாது என்றார். வேறு எதுவும் கொடுப்பதே இல்லை என்று இருவரும் தலையிலடித்துச் சத்தியம் செய்யாத குறைதான். பேசிக்கொண்டே சரோஜா அக்கா கைப்பையிலிருந்து எதையோ எடுத்துப் பிங்கியின் வாயில் வைத்தார். நான் பார்த்துவிட்டதை அவரும் பார்த்துவிட்டார்.

"பிஸ்கட்டெல்லாம் சாப்பாட்டுல சேராதுல்ல, தங்கச்சி?"

பாதிக்குப் பாதி

தைப்பூசம் நெருங்கிய நாட்களில் ஆனந்தன் அண்ணனிடமிருந்து படமே வரவில்லை. நன்றாக இருந்தால் யாரும் படம் அனுப்பமாட்டார்கள் என்று தெரிந்தும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நானே கூப்பிட்டு வரச் சொன்னேன். கழுத்தில் மாலையோடு வந்தார். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்க விரதமாம். பிங்கிக்கு எடை கூடியிருந்தது. மேசைமேல் நிற்கமாட்டேன் என்று துள்ளியது.

மருந்து வேலை செய்கிறது என்று டாக்டருக்குச் சந்தோஷம். மருந்தை நாங்கள் மாற்றவே இல்லையே என்று எனக்கு உறுத்தியது. விசாரித்தால், வீட்டில் எல்லோரும் சைவம். தட்டில் கறி இல்லை, அதனால் மேசைக்குக் கீழே தவறி விழவும் ஒன்றும் இல்லை. விரதம் முடிந்த பிறகுதான் எனக்குப் பயமே, அப்போதும் எதுவும் கொடுத்துவிடாதீர்கள் அண்ணே என்றேன். அவர் சிரித்தார்.

"மருந்து பாதி, முருகன் பாதி லா. நீ ஏம்மா சும்மா கவலைப்படற?"

முதல் துண்டு

தைப்பூசத்துக்குப் பிறகு வரும் இடும்பன் பூஜையும் முடிந்து மாலையைக் கழற்றிய மறுநாள், கிளினிக்கைத் திறக்கும்போதே வாசலில் நின்றார். கையில் துண்டு, துண்டுக்குள் பிங்கி. வாந்தியில் ரத்தம். டாக்டர் ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, கூண்டில் கிடத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. படித்துப் படித்துச் சொன்னேனே என்று வாய்வரை வந்துவிட்டது. என்ன கொடுத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். கோழி வறுவல், தோலோடு. தன் தட்டிலிருந்து முதல் துண்டை அதற்குத்தான் வைத்தாராம்.

"அதுவும் என்கூடத்தானம்மா விரதம் இருந்துச்சு. அத விட்டுட்டு நான் மட்டும் எப்படி சாப்பிடறது?"

கீரையும் ரசமும்

திட்ட வந்தவள், டிரிப் இறங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். அன்றெல்லாம் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. ஒரு பூனைக்கு நகம் வெட்டியதும் கூண்டுக்கு ஓடுவேன், விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன், அடுத்த பூனைக்கு ஓடுவேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஆனந்தன் அண்ணே மோட்டாரில் உட்காருவார், எழுவார், வாசல்வரை வருவார், உள்ளே வராமல் திரும்பிவிடுவார். மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாள் பிங்கி தலையைத் தூக்கித் தண்ணீரை நக்கியது. நான் அழுதுவிட்டேன், சொல்வதற்கென்ன.

சில வாரம் கழித்துப் பாசார் பக்கத்து வாழையிலைக் கடையில் அவரைப் பார்த்தேன். கூட வேலை செய்கிறவர்கள் இலையில் ஆட்டுக்கறி. அவர் இலையில் கீரையும் ரசமும். பிங்கிக்கு எப்படி இருக்கிறது என்றேன். கெட்டியாகப் போகிறது என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கூச்சமில்லாமல் சொன்னார். வீட்டில் கறிச்சட்டியைக் கவிழ்த்தாயிற்றாம். வெளியே கறி சாப்பிட்டுவிட்டுப் போனாலும் கை வாசனை பிங்கியிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறதாம். இன்னுமா விரதம் அண்ணே என்று கேட்டேன்.

"நான் மாலைய கழட்டியாச்சும்மா. ஆனா விரதம் முடிஞ்சிருச்சுன்னு அதுகிட்ட யாரும் சொல்லிடாதீங்க லா."

வயிறு கெட்டது நாய்க்கென்றாலும் பத்தியம் இருக்கவேண்டியது வீட்டுக்காரர்தான் என்று மருந்துச் சீட்டில் எழுத, எங்கள் டாக்டருக்குத்தான் இன்னும் துணிச்சல் வரவில்லை.