அர்மிண்டா வாத்தின் நடை

லாஸ் ஏஞ்சலிஸில் ட்ரெஸ்கட் கார்ட்டூன் ஸ்டுடியோ கொடிகட்டிப் பறந்ததற்கு ஒரு வாத்துதான் காரணம். அதற்கு முன் அவர்கள் எடுத்த பூனையும் ஓடவில்லை, கரடியும் ஓடவில்லை. எந்த வாரம் கதவைச் சாத்துவார்களோ என்று எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாத்து எப்படிப் பிறந்தது என்று ஸ்டுடியோவின் புகழ் பாடிய எவனும் எழுதவில்லை. எழுதினால் வெர்னா டோலனைப் பற்றி எழுத வேண்டியிருக்குமே!

வெர்னா வண்ணப் பிரிவில் இருந்தாள். சின்ன வயதில் வந்த போலியோ அவள் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. இடுப்பை வெளியே வீசி, ஒரு கணம் நின்று, பிறகு சின்னதாய் ஒரு துள்ளல். அப்படித்தான் நடப்பாள். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்கிற வேலை என்றுதான் அங்கே சேர்ந்தாள். வண்ணம் தீட்டும் பெண்களுக்குத் தனிக் கட்டடம். படம் வரையும் ஆண்கள் உள்ளே வரக்கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு முற்றத்துக்குப் போகும்போதும் அவள் கடைசி ஆளாகத்தான் எழுவாள், பின்னாலிருந்து யாரும் பார்க்காதபடி.

அவளைப் பார்த்தவன் கிளைட் ரென்னிக். அங்கே பெரிய ஓவியன், ஆளும் லட்சணமானவன். முற்றத்து எலுமிச்சை மரத்தடியில் சாய்ந்துகொண்டு, "வெர்னா, அந்தக் குழாயில கொஞ்சம் தண்ணி பிடிச்சிட்டு வாயேன்" என்பான். கொண்டுவந்தால், "ரொம்ப சூடா இருக்கே, கொஞ்ச நேரம் விட்டுப் பிடிச்சுப் பாரேன்" என்பான்.

"அவனுக்கென்ன, எழுந்து போகத் தெரியாதாடி?" என்றாள் பக்கத்து மேஜை ஓபல்.

"உனக்குப் பொறாமை."

"எனக்கா? நீ நடக்கும்போது அவன் கண்ணு எங்க போகுதுன்னு பாத்தியா?"

"போகட்டுமே. என் நடையைப் பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்காத ஒரே ஆம்பளை அவருதான்."



குளிர்காலத்தில் புதுப் படத்தின் தாள்கள் வந்தன. ஒளி ஊடுருவும் தாளில் மையால் கோடு, பின்பக்கத்தில் வண்ணம். ஒருத்திக்கு ஒரு நிறம். வெர்னாவுக்கு ஆரஞ்சு, அதாவது வாத்தின் கால்கள். முன்னும் பின்னுமாகக் கலந்து வரும் தாள்களில் அந்த வாத்து என்ன செய்கிறது என்று யாருக்கும் புரியாது. கிளைட் வரைந்தது என்பதால் ஒவ்வொன்றையும் ஆசை ஆசையாகத் தீட்டினாள்.

படம் வெளியான சனிக்கிழமை மதியம் ஸ்டுடியோவே தியேட்டருக்குப் போனது. பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக் கிளைடுக்காக இடம் பிடித்திருந்தாள் வெர்னா. அவன் முன்வரிசையில் முதலாளியோடு உட்கார்ந்தான். திரையில் அர்மிண்டா என்கிற அந்த வாத்து குடிசையை விட்டு வெளியே வந்தது. இடுப்பை வீசியது. ஒரு கணம் நின்றது. துள்ளியது. தியேட்டர் விழுந்து விழுந்து சிரித்தது. ஓபல் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் வெர்னா கிளைடை மறித்தாள். "அது நான்தானே?"

"பின்ன? நீ இல்லாம அர்மிண்டாவே இல்ல! பெருமைப்படு வெர்னா, இனிமே நாடே உன் நடையை ரசிக்கும்."

நிஜமாகவே பாராட்டுவதாக நினைத்தான், பாவி. ஓங்கி ஒன்று வைக்கலாம் என்றால் அந்த முகத்தில் துளிக் குற்ற உணர்வு இல்லை. அதன் பிறகு அவன் அவளிடம் தண்ணீர் கேட்கவே இல்லை.

உட்கார்ந்து செய்யும் வேலை வேறெங்கும் கிடைக்கவில்லை. அர்மிண்டா சக்கைப்போடு போட்ட வருடங்கள் முழுக்க அதன் கால்களுக்கு அவளே வண்ணம் தீட்டினாள். தெருப் பிள்ளைகள் இடுப்பை வீசித் துள்ளி விளையாடுவதைப் பார்த்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள்.

தொலைக்காட்சி வந்தது, ஸ்டுடியோ நொடித்தது. கிளைட் எப்போதோ வேறிடம் போயிருந்தான். ஸ்டுடியோவை வாங்க வந்தவர்களைப் புது மேலாளர் வண்ணப் பிரிவுக்குள் அழைத்து வந்தார். வெர்னா அப்போது வண்ணக் குப்பியோடு அலமாரியிலிருந்து மேஜைக்கு நடந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

மேலாளர் முகம் சுளித்தார். "ஏம்மா, அர்மிண்டா விளையாட்டெல்லாம் அப்புறம் வச்சுக்கலாம். பெரிய மனுஷங்க வந்திருக்காங்க, ஒழுங்கா நடங்க."

"விளையாடல சார். என் காலே இப்படித்தான்."

வந்தவர்களில் மூத்தவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "எவ்வளவு சீரியஸா சொல்றாங்க பாருங்க! இந்தம்மாவை எங்கய்யா பிடிச்சீங்க?"

வெர்னா குப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். மேஜை நாலு எட்டில் இருந்தது. அவர்கள் எல்லோரும் வெளியே போகும்வரை அவள் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.