நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அந்த ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பேர் உஷ் சார். நூலகருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்! யாராவது நாற்காலியை இழுத்தால் உஷ். தனக்கே தும்மல் வந்தால் அதற்கும் ஒரு உஷ். நூலகத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறையில் ஏழு வருஷமாகக் குடித்தனம். குடித்தனம் என்ன பெரிய குடித்தனம், அவரும் ஒரு ஸ்டவ்வும். மனைவிக்குத் தூரத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. மகளும் அங்கேதான். நாலு வயதில் விட்டுவந்த பிள்ளைக்கு இப்போது பதினொன்று. போனில் "சாப்டீங்களாப்பா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் கேட்பாள். அதைக் கேட்டுவிட்டு மனிதர் சோற்றைத் தொடாமல் படுத்த நாட்கள் உண்டு.

மாற்றல் உத்தரவு இரண்டு தடவை வந்து, இரண்டும் வீணாய்ப் போயிருந்தது. பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு புத்தகத்தையும் அடுத்து வருகிறவர் சரிபார்த்து டிக் அடித்தால்தான் பழையவருக்கு விடுதலை. புத்தகம் அலமாரியில் இருக்க வேண்டும்; வாசகரிடம் போயிருந்தால் அட்டை இருக்க வேண்டும்; பைண்டிங்குக்குப் போயிருந்தால் சீட்டு இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஆள் நகர முடியாது. எட்டாயிரத்துச் சொச்சத்தில் அவருக்கு ஒன்றுதான் குறைந்தது. அது எங்கே இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய கட்டிலுக்கு அடியில், துணிப்பெட்டிக்குள்.

அது ஒரு வீட்டு வைத்தியப் புத்தகம், நாற்பது வருஷத்துக்கு முன்னால் அச்சானது. கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் அது நிற்கிறவரை பாலும் தண்ணீரும் கொடுக்காதே என்று நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. தெருமுனைத் தையல்காரி அதைப் படித்து அப்படியே செய்தாள். குழந்தை கண் செருகிப்போய், பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது. "படிச்சவங்க எழுதினதுதானேன்னு நம்பிட்டேன் சார்" என்று சொல்லி அவள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். அதில் தேதி முத்திரை குத்திக் கொடுத்தது அவர் கைதானே. அன்றே மனைவிக்குப் போன் போட்டு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினார்.

"ஐயோ, தண்ணி கொடுக்கலைன்னா பிள்ளை செத்துடும்ங்க. முதல்ல அதை அலமாரியிலேருந்து எடுங்க."

எடுப்பது அவ்வளவு லேசா? ஐந்து வருஷம் யாரும் தொடாத புத்தகத்தைத்தான் கழிக்கலாம் என்பது விதி. இதுவோ நாற்பத்தொரு தடவை வீடுகளுக்குப் போய்வந்த புத்தகம். நூல் தேர்வுக் குழுவுக்கு எழுதினார். "வாசகர் வரவேற்பு மிகுந்த நூல், இன்னும் இரண்டு பிரதி வாங்கலாம்" என்று பதில் வந்தது. நல்ல வேளை, பதிப்பகத்தை மூடிவிட்டிருந்தார்கள். போகட்டும், ஒரு திருத்தச் சீட்டாவது ஒட்டுகிறேன் என்று கேட்டார். நூலில் எழுதவோ ஒட்டவோ நூலகருக்கு அதிகாரம் இல்லையாம்.

அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். ஓரத்தை மடித்த குற்றத்துக்கே ஒரு பெரியவரை அரைமணி நேரம் நிற்கவைத்துத் திட்டிய ஆள் அவர். ஒளிக்க முடிந்தது, கிழிக்க முடியவில்லை. அவ்வளவுதான் அவர் தைரியம். ஆக, கட்டிலுக்கு மேலே அவரும் கட்டிலுக்குக் கீழே அதுவுமாக, மூன்று வருஷம் இரண்டு பேரும் ஒரே அறையில் அடைபட்டுக் கிடந்தார்கள்.

மூன்றாவது உத்தரவு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பாவிட்டால் இனி விண்ணப்பமே போடக் கூடாது என்று அடியில் ஒரு வரி. புதிதாக வந்த நூலகர் நல்ல பெண்தான், ஆனால் கறார் பேர்வழி. மூன்று நாள் ஸ்டூலில் ஏறி இறங்கிச் சரிபார்த்துவிட்டுச் சொன்னாள்:

"ஒண்ணே ஒண்ணு இடிக்குது சார். வீட்டு வைத்தியம். அது வராம நான் கையெழுத்துப் போட முடியாது."

அப்போதுதான் அவருக்கு பைண்டரின் ஞாபகம் வந்தது. பைண்டரிடம் போன புத்தகம் கிணற்றில் போட்ட கல். மகள் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம் கொடுத்த அகராதி இன்னும் வந்தபாடில்லை. அவரைத் திட்டித் தீர்த்த அதே வாயால், வியாழக்கிழமை காலை, "அவசரமே இல்லண்ணே, மெதுவாப் பண்ணுங்க" என்று சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்துச் சீட்டு வாங்கிவந்தார். தாள் கழன்றிருந்ததால் அறையில் வைத்திருந்தேன் என்று புதியவளிடம் ஒரு அரைப்பொய்யும் சொன்னார். அவள் டிக் அடித்தாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குக் கையெழுத்து ஆயிற்று. ஐந்து மணிக்கு பஸ். "நாளைக்கு பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் வருவேன்ப்பா" என்று மகள் போனில் கத்தியது அவர் காதிலேயே இருந்தது. பெட்டியைத் தூக்கினார். பைண்டர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"நல்லவேளை, பிடிச்சுட்டேன்! ஊரை விட்டே போறீங்களாமே சார்? ஏழு வருஷமா உங்ககிட்ட திட்டு வாங்கிட்டேன், கடைசி வேலையையாவது சுருக்கா முடிச்சுக் கொடுக்கணும்னு மத்ததை எல்லாம் ஓரங்கட்டிட்டு உட்கார்ந்தேன்." சிவப்புத் துணி அட்டையைப் பெருமையாகத் தடவினார். "நூத்திப் பன்னண்டாம் பக்கம் தனியாத் தொங்குச்சு. ரெட்டை நூல் போட்டுத் தைச்சிருக்கேன். இனி லேசுல வராது."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ரொம்ப நன்றிண்ணே" என்றார். அது பொய்யும் இல்லை.

"நல்லதாப் போச்சு" என்று புதியவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். "இந்தம்மா காலையிலேருந்து ரெண்டு தடவை இதைக் கேட்டு வந்துட்டாங்க."

வாசலருகே ஒரு இளம்பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "ரெண்டு நாளா பாப்பாவுக்கு வயித்தால போகுது சார். தண்ணி கொடுக்கலாமா கூடாதான்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இதுல இருக்குன்னாங்க."

கதவு திறந்துதான் இருந்தது. ஒன்றும் பேசாமல் நடந்திருந்தால் யாரும் அவரைத் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"தண்ணி கொடும்மா. பாலும் கொடு. நிறுத்தவே நிறுத்தாதே. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

புதியவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். பைண்டர் சொன்னது நிஜம்தான், முதல் இழுப்புக்குத் தாள் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் நூலோடு கிழிந்து வந்தது. பைண்டர் வாயில் கைவைத்துக்கொண்டார்.

"சார்! என்ன பண்றீங்க?" புதியவள் பதறினாள். "சேதம்னு எழுதியாகணும். விசாரணை முடியற வரைக்கும் நான் பொறுப்பு எடுத்துக்க முடியாது. உங்க பஸ்ஸு..."

"தெரியும்மா. எழுதுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் போட்ட கையெழுத்தைத் தானே அடித்தாள். அவர் போய் நாற்காலியை இழுத்தார்; அது கிறீச்சென்று கத்தியது. யாரும் உஷ் சொல்லவில்லை.

போகிற அவசரத்திலும் அந்தப் பெண் வாசலில் திரும்பி, "அப்போ புத்தகம் சார்?" என்றாள்.

"பிள்ளைக்குக் குணமாகட்டும், அப்புறமா வந்து வாங்கிக்கோ. நான் இங்கேதான் இருப்பேன்."